கிருதா அண்ணனின் நாற்காலி

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை தாங்க வந்து, ஏற்கெனவே ஒரு கைக்குட்டையை நனைத்து முடித்து, அடுத்ததை மடித்துத் தயாராக வைத்திருக்கும் தலைவர் குருவிக்கூடு அவர்களே! முட்டிவலியை மறைத்துக்கொண்டு மேடையில் வீற்றிருக்கும் என் வயதுச் சிங்கங்களே! முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் கிருதா அண்ணனின் மகளே! காபி எப்போது வரும் என்று வாசலையே பார்க்கும் பெரியோர்களே! உங்கள் எல்லோருக்கும் என் கசந்த வணக்கம்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள். எழுபதுகள்! ஆகா, எழுபதுகள்! நமக்கு மீசை அரும்பிய பொற்காலம்! உண்மைதான். நாம் பெல்பாட்டம் போட்டு நடந்தால் தெரு பெருக்குபவருக்கு அன்று விடுமுறை. நம் சட்டைக் காலர் அகலத்துக்குக் காற்று பலமாக அடித்து, ஆளே பக்கத்துத் தெருவில் இறங்கிய சம்பவங்கள் உண்டு. தலைமுடி? நம் தலைவரின் தலையை நான் சொல்லட்டுமா? மழையில் நனைந்தால் தண்ணீர் நெற்றிக்கு வந்து சேர மறுநாள் மத்தியானம் ஆகும். அப்படி ஒரு காடு! குருவிக்கூடு என்று பேர் வந்ததே அதனால்தான். இன்றைக்கு... சரி, துக்கக் கூட்டத்தில் அது வேண்டாம்.

அந்தக் காட்டைக் காத்தது யார்? நம் அப்பாக்களா? முடி காதைத் தொட்டால் கத்தரிக்கோலோடு துரத்தி, தலையை ஆடு மேய்ந்த நிலமாக்கி அனுப்பினாரே டிரில் மாஸ்டர், அவரா? இல்லை ஐயா, இல்லை! காத்தவர் ஒருவரே. முடிகாத்த மாமன்னர், சலூன்களின் சக்கரவர்த்தி, எங்கள் கிருதா அண்ணன்!

பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஒற்றை அறையில் அண்ணனின் சலூன். எதிரெதிரே இரண்டு கண்ணாடி, ஒரு பெஞ்சு, ஓயாமல் பாடும் ரேடியோ, நடுவே சுழலும் இரும்பு நாற்காலி. காதைப் பிடித்துப் பையனை இழுத்து வருவார் அப்பா.

"ஒட்ட வெட்டுப்பா. மண்டை தெரியணும்."

"தெரிஞ்சிடும் சார். நீங்க உக்காந்து பேப்பர் படிங்க."

பேப்பர் விரிந்ததும் கத்தரிக்கோல் சடசடவென்று சத்தம் போடும். ஒரு முடி விழாது! அண்ணன் வெட்டியது அத்தனையும் காற்று! காலையில் வந்தவர்களின் முடியைக் கூட்டாமல் நாற்காலிக்கடியில் விட்டு வைத்திருப்பார், சாட்சிக்கு. பிறகு எண்ணெய் தடவி, காதுக்குப் பின்னால் படிய வாரி, மிச்சத்தைக் காலருக்குள் செருகிவிடுவார். அப்பா நிமிர்ந்து பார்த்து, "இப்பதான் மனுசன் மாதிரி இருக்கான்" என்பார். தெருமுனை திரும்பியதும் பையன் ஓர் உதறு உதறுவான். மறுபடி சிங்கம்!

ஒருநாள் தலைவரின் அப்பா மட்டும் பேப்பரைச் சீக்கிரம் மடித்துவிட்டார். பளாரென்று ஓர் அறை. விழுந்தது மகன் கன்னத்திலா? அண்ணன் கன்னத்தில்! அப்போதும் அண்ணன் என்ன சொன்னார்? "தம்பிக்கு ஒண்ணும் தெரியாது சார். கத்தரி மொக்கையாயிடுச்சு." கன்னம் அண்ணனுடையது, முடி தலைவருடையது.

அந்தத் தலைவர்தான் நான்கு மாதத்துக்கு முன் அந்தக் கட்டடத்தை வாங்கினார். சலூன் காலியானது. அங்கே காபிக்கடை வந்தது. சாதாரணக் காபிக்கடையா? எழுபதுகளின் காபிக்கடை! சுவரில் அதே ரேடியோ, அதே கண்ணாடி, நடுவில் அதே நாற்காலி. இளைஞர்கள் அதில் ஏறி உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். எல்லாம் வேண்டியிருந்தது, அண்ணன் மட்டும் வேண்டாதவரானார்.

அப்பாவோடு நின்று தொழில் பழகிய மகள், பின்தெருவில் ஓர் அறை பிடித்தாள். அப்பாவின் நாற்காலியைக் கேட்டாள். "அதுதாம்மா கடைக்கே அழகு. நீ புதுசா ஒண்ணு வாங்கிக்கோ" என்றார் தலைவர். அவள் கையிலிருந்த காசுக்குப் பிளாஸ்டிக் நாற்காலிதான் கிடைத்தது. அதில் தலையைச் சாய்த்து யாரால் சவரம் செய்துகொள்ள முடியும்? வந்தவர்கள் கழுத்தைப் பிடித்துக்கொண்டு போனார்கள், போனவர்கள் திரும்பவில்லை.

கடைசியில் அண்ணனே கேட்கப் போனார். தலைவர் வரும்வரை தன் நாற்காலியில் தானே உட்கார்ந்தார். காவலாளி வந்தான். "பெரியவரே, எந்திரிங்க. காபி வாங்கினாத்தான் இதுல உக்காரலாம்."

எழுந்து வீட்டுக்கு வந்தவர் பிறகு வாசல் தாண்டவில்லை. மாரடைப்பு என்றார் டாக்டர். படித்தவர், சொல்லிவிட்டுப் போகட்டும்.

இப்போது தலைவர் அறிவிக்கிறார்: அண்ணனின் படத்தை அந்த நாற்காலிக்கு மேலே மாட்டப்போகிறாராம்! காபி குடிக்க வருகிறவர்கள் யாரென்று கேட்டால் என்ன சொல்வீர்கள் தலைவரே? பழைய வாடகைக்காரர் என்றா?

என்ன, எழுந்துவிட்டீர்கள்?

"மச்சான், மைக்கக் குடு. துக்கத்துல வந்து அரசியல் பேசாத."

அரசியலா? நான் இரும்பு நாற்காலியைப் பேசுகிறேன், குருவிக்கூடு. உட்கார்.

அண்ணன் மகள் ஏதோ சொல்கிறாள். மைக்கை அவளிடம் கொடுங்கள். பேசும்மா.

"படமெல்லாம் வேணாம் சித்தப்பா. நாளைக்குக் காலைல ஒரு தாத்தா ஷேவிங்குக்கு வர்றாரு. அவருக்குக் கழுத்து நிக்காது. நாற்காலியக் குடுத்தா போதும்."

கேட்டீர்களா சபையோரே? அழவில்லை அவள். அவளுக்கு நாளை வேலை இருக்கிறது.

நிகழ்ச்சி நிரலில் கடைசியாக உறுதிமொழி என்று போட்டிருக்கிறது. அண்ணனின் பணியைத் தொடர்வோம் என்று எழுந்து நின்று சொல்ல வேண்டுமாம். வாய்க்கு வேலை வேண்டாம். காபிக்கடை அடுத்த தெருவில். நாற்காலி கனம், தூக்க நாலு பேர் வேண்டும். முந்தாநாள் அண்ணனைத் தூக்க நம்மில் ஒருவருக்கும் முட்டி ஒத்துழைக்கவில்லை. கூலிக்கு ஆள் வைத்தோம். இன்றைக்காவது வருவோமா? நான் ஒருவன். இன்னும் மூன்று பேர். பொற்காலத்துச் சிங்கங்களே, யார்?

யாரும் இல்லையா?

என்ன, எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போன் வந்துவிட்டதா?

சரி. நீ வாம்மா. நீ ஒரு பக்கம் பிடி, நான் ஒரு பக்கம். தூக்க முடியாவிட்டால் நடுரோட்டில் இழுத்துக்கொண்டு போவோம், ஊர் பார்க்கட்டும். குருவிக்கூடு, உன் காவலாளிக்குப் போன் போட்டுச் சொல்லிவிடு. நாங்கள் காபி வாங்கப் போவதில்லை.