பன்னிரண்டாவது படத்துக்கு மாலை

— பதினோரு படம் சரியா மாட்டியிருக்கீங்க அய்யாக்கண்ணு அண்ணே. ஆடு, கல்லுச் சுவரு, கடலு, எல்லாம் ஓகே. இந்தக் கடைசிப் படத்துக்கு மட்டும் எதுக்கு சந்தன மாலை?

— வயசான மனுசருல்ல, ஜெயசுந்தரி மேடம். வெறுமனே மாட்டுனா நல்லாவா இருக்கும்? சிவப்புப் பல்பும் வச்சிருக்கேன்.

— நெத்தியில பொட்டு வேறயா?

— கண்ணாடி மேலதேன் வச்சேன். அந்தப் புள்ள பெயிண்ட்டைக் கத்தியால அப்பி அப்பி வரைஞ்சிருக்கு. ஒட்டிரக் கூடாதுன்னு அரை இஞ்சு எடம் விட்டுல்ல கண்ணாடி போட்டேன். மழையில நிக்கிற ஆட்டைப் பாத்தீகளா? தொட்டாக் கை ஈரமாயிரும்போல இருக்கு.

— அண்ணே, படத்துல இருக்கிற இவர், இதையெல்லாம் வரைஞ்ச மேகனோட அப்பா. வேல்ஸ்ல அவங்க தீவுல ஆடு வளர்க்கிறார்.

— வளத்தாரா?

— வளர்க்கிறார். உயிரோட இருக்கார்.

— அமீர்பேட்டுல பதினஞ்சு வருசமாக் கடை வச்சிருக்கேன் தாயி. வயசானவுக மொகம் தனியா வந்தா அது பதினாறாம் நாளுக்குத்தேன். இன்னைக்கு வரைக்கும் ஒருத்தரும் தப்புன்னு சொன்னதில்ல.

— சரி, கழட்டுங்க.

— கழட்டுனா சட்டம் ஒடஞ்சிரும். ஆணி அடிச்சு, பசையும் போட்டிருக்கேன். விடுங்க, வெள்ளக்காரப் பொண்ணு, அழகுக்குன்னு நெனச்சுக்கிரும்.

— கண்காட்சிக்கு மேகன் மட்டும் வந்தா எப்படியோ சமாளிப்பேன். அப்பாவும் கூட வர்றார். தீவைத் தாண்டாத மனுஷன், மகள் படங்களைப் பாக்கன்னு எழுபத்தெட்டு வயசுல முதல் தடவையா பிளேன் ஏறியிருக்கார். ஃப்ரேமெல்லாம் எங்கிட்ட விடு, நம்ம ஆள் இருக்கார்னு நான்தான் வாக்குக் குடுத்தேன். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கா முடிஞ்சிடுச்சு. அந்தப் பொண்ணு முகத்தை இனிமே எப்படிப் பாப்பேன்?

— ஒரு துண்டைப் போட்டு மூடிருவமா?

— நக்கோ, வேணாம் அண்ணே. லிஃப்ட் திறந்தாச்சு. நீங்க இப்படித் தூண் பக்கம் நில்லுங்க, நான் போய்ப் பேசிட்டு வர்றேன்.

— என்ன தாயி சொல்லிட்டு வந்தீக? பெரியவரு படத்துக்கு முன்னாடி நின்னு தலைய ஆட்டிக்கிட்டே இருக்காரு.

— பொய்தான் சொன்னேன். ரொம்ப மதிக்கிறவங்க படத்துக்கு எங்க ஊர்ல மாலை போடுவோம்னேன்.

— அது பொய்யில்லையே.

— பாதி உண்மை. மீதிப் பாதியை முழுங்கிட்டேன்.

— அந்தப் புள்ள ஏன் வாயப் பொத்திக்கிட்டு நிக்கிது? அழுவுதா, சிரிக்கிதா?

— தெரியல. அவர் கூப்பிடுறார், இருங்க.

— என்னவாம்? திட்டுறாரா? என்னையக் கை காட்டுறாரே.

— அவங்க தங்கியிருக்கிற ஹோட்டல்ல, முதலாளியோட அப்பா படத்துலயும் இதே மாதிரி மாலை போட்டிருக்காம். காலையில டிஃபன் சாப்பிடும்போதே அது எதுக்குன்னு சர்வர்கிட்ட கேட்டாராம்.

— தெரிஞ்சுபோச்சா?

— ஹவ், ஆமா. நான் சொன்னதையெல்லாம் தெரிஞ்சே கேட்டுட்டு நின்னிருக்கார்.

— நான் படி வழியா எறங்கிப் போயிரவா தாயி?

— போகாதீங்க அண்ணே. ‘செத்தப்புறம் விழுற மாலையை, பெத்த மக பக்கத்துல நின்னு பாக்கிற கொடுப்பினை எங்க தீவுல ஒருத்தனுக்கும் வாய்ச்சதில்ல, போட்டவர் கையைக் குலுக்கணும்’கிறார்.