கயிற்றை யார் கையில் கொடுப்பீர்கள்?

அவையின் தலைமை நாற்காலிக்கு அழகு சேர்க்கும் செல்வதுரை அண்ணாச்சி அவர்களே, முப்பது ஆண்டுகளாக வீடியோ கேம்களுக்குக் கதை எழுதி, இன்று எங்கள் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வந்திருக்கும் மணப்பாட்டு மகள் அற்புதமணி அம்மா அவர்களே, கடலைப் படித்த பெரியவர்களே, கரையில் காத்திருந்தே கண் பழகிய தாய்மார்களே, கையில் போனோடு வந்திருக்கும் அண்ணன்மாரே, தங்கைமாரே, உங்கள் அனைவருக்கும் விஜிலாவின் பணிவான வணக்கம்.

பின்னால் கேட்கவில்லையா அண்ணா? சத்தமாகப் பேசுகிறேன். இறால் கம்பெனியில் ஐஸ் மிஷின் பக்கத்தில் எனக்கு வேலை. அங்கே பேசினாலும் யாருக்கும் கேட்காது. அதனால் பேசியே பழக்கமில்லை.

அற்புதமணி அம்மாவிடம் கேட்பதற்கு எங்கள் தெருவே கேள்விகளை அள்ளிக் கொடுத்தது. முதல் கதையை எங்கே எழுதினீர்கள்? ஒரே கதைக்கு இத்தனை முடிவுகளை எப்படி யோசிக்கிறீர்கள்? எங்கள் தெருப் பொடியன் ஜாய்சன் கொடுத்த கேள்வி, கடைசிக் கோட்டையின் சாவி எங்கே இருக்கிறது என்பது. சிரிக்காதீர்கள், அதையும் கேட்கத்தான் போகிறேன்.

ஆனால் என் கேள்வி ஒன்றே ஒன்று. அது அவர் எழுதிய ‘கீழ்க்கடல்’ விளையாட்டைப் பற்றியது. அதில் நாம்தான் முத்துக் குளிப்பவர். நாம்தான் முடிவெடுக்க வேண்டும். கடலில் இறங்கும் முன் கதை நம்மைக் கேட்கிறது: படகிலிருந்து உன்னை மேலே இழுக்கும் இடுப்புக் கயிற்றை யார் கையில் கொடுப்பாய்? பலசாலியான படைவீரன் நிற்கிறான். அனுபவம் மிக்க மாலுமி நிற்கிறான். ஓரத்தில், ஒல்லியாக, மனைவியின் தம்பி நிற்கிறான்.

வெளியூர்ப் பிள்ளைகள் யாரைத் தேர்ந்தெடுப்பார்கள்? படைவீரனை. நம் கரைப் பிள்ளைகள்? சொல்ல வேண்டுமா? மச்சான் கையில் அல்லாமல் வேறு எவர் கையில் கொடுப்போம்? கூடப் பிறந்தவளின் தாலி அந்தக் கயிற்றில் தொங்குகிறது என்று அறிந்தவன் அவன் ஒருவன்தானே? எங்கள் தெருவில் அத்தனை பேரும் மச்சானிடம் கொடுத்தார்கள். அத்தனை பேரும் அங்கேயே தோற்றார்கள்.

நான் முதல்முறை விளையாடியபோது என் அம்மா ஞானபாய் பக்கத்தில் இருந்தார். போனை எட்டிப் பார்த்துவிட்டு, “ஏளா, என்னத்த யோசிக்க? மச்சான்ட்ட குடு” என்றார்.

கொடுத்தேன். புயல் வந்தது. குளித்தவன் பிணமாக வந்தான்.

“அணைச்சிப் போடு” என்றார் அம்மா. அன்று அவர் சாப்பிடவில்லை.

ஏன் என்று இந்த மன்றத்துக்குத் தெரியும். சங்கு குளிக்கப் போன என் அப்பா ஜெஸ்டினை நீங்கள்தான் தூக்கி வந்தீர்கள். கயிறு பிடித்தவர் என் தாய்மாமன் செபாஸ்டின். அன்று சாத்திய கதவை அம்மா தம்பிக்கு இன்னும் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. பள்ளிக்கூடம் போன வழியையும் அதோடு மறந்தேன்.

இன்று காலை, அற்புதமணி அம்மா தங்கியிருக்கும் வீட்டுக்கு இடியாப்பம் கொண்டு போனேன். மேடை வரை பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். நீங்களும் இந்தக் கரையில் பிறந்தவர்தானே, மச்சானிடம் கொடுத்தால் தோற்கும்படி ஏன் எழுதினீர்கள்?

அவர் திருப்பிக் கேட்டார்: “யாரு தோத்தா? கடலுக்கு மச்சானும் தெரியாது, மாமனும் தெரியாது. அத எழுதாம இருக்க முடியுமா? ஆனா கத அங்கன முடியலையேளா. பெறவு அந்த மச்சான் அக்கா வீட்டு வாசல்ல வந்து நிக்கான்லா? எல்லாரும் அணைச்சிட்டு, திரும்ப மொதல்ல இருந்து ஆரம்பிக்கீங்க. ஒருத்தராவது அவன்ட்ட போய்ப் பேசுனீங்களா?”

பேசினோமா? எங்கள் தெருவில் எவராவது பேசினோமா?

மதியம் என் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து மறுபடி விளையாடினேன். மச்சானிடமே கொடுத்தேன். புயல் வந்தது. குளித்தவன் மாண்டான். இந்த முறை அணைக்கவில்லை. குளித்தவன் போனபின் கதை நம்மை அவன் மனைவியாக்குகிறது; வாசலுக்கு நடந்து போய் மச்சானிடம் பேசினேன். தோல் உரிந்த இரண்டு கைகளையும் நீட்டி அவன் சொன்னது ஒரே வரி: நான் விடவில்லை அக்கா.

அம்மா போனை வாங்கி அந்த வரியை எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகு சொன்னார்: “அவனும் இதத்தான் சொன்னான். நான்தான் காதக் குடுக்கல.”

அன்பானவர்களே, மாண்டவரை மீட்டு வர எந்தக் கதையாலும் முடியாது. ஆனால் வாசலில் நிற்பவனை வாசலிலேயே விட்டுவிட்டு, மறுபடி மறுபடி முதலிலிருந்து தொடங்கி, நாம் எந்தக் கரைக்குப் போய்ச் சேரப் போகிறோம்?

பெண்கள் வரிசையின் ஓரத்தில் என் அம்மா இருக்கிறார். பக்கத்து நாற்காலியில் தன் பையை வைத்து இடம் பிடித்திருக்கிறார். “எனக்குக் கூப்பிட வாய் வரல, நீ மைக்குல கூப்பிடு” என்று சொல்லித்தான் என்னை மேடைக்கு அனுப்பினார்.

செபாஸ்டின் மாமா, சைக்கிள் பக்கத்தில் நீங்கள் நிற்பது இங்கிருந்து தெரிகிறது. உள்ளே வாங்க மாமா. அம்மா பையை எடுத்துவிட்டார்.

கதையை முடிக்காமல் எங்களுக்காகத் திறந்து வைத்த அற்புதமணி அம்மாவுக்கும், வாய் திறக்காதவள் கையில் மைக்கைத் தந்த அண்ணாச்சிக்கும், வழிவிட்டு ஒதுங்கி நிற்கும் உங்கள் எல்லோருக்கும் நன்றி. வணக்கம்.