ஒப்புதல் மெயில்

வெப்சைட்காரர்: ...அதனாலதான் சொல்றேன்க்கா, இலவச சர்ட்டிபிகேட்டே போதும். உங்க கடை வெப்சைட்டுக்கு அதுக்கு மேல தேவையில்ல.

மருமகள்: இலவசம்னா... அதுல ஏதாவது ஓட்டை இருக்குமே தம்பி.

வெப்சைட்காரர்: ஒரு ஓட்டையும் கிடையாது. பூட்டு அதே பூட்டுதான்.

அத்தை: பூட்டுக்கு எதுக்குப்பா சர்ட்டிபிகேட்டு?

வெப்சைட்காரர்: உங்க சைட்ல வந்து மெத்தை வாங்கறவங்க அட்ரஸ் எழுதறாங்க, கார்டு நம்பர் எழுதறாங்க. நடுவுல எவனும் அதைப் படிச்சிடக் கூடாது பெரியம்மா. அதுக்குத்தான் பூட்டு. இது உங்க கடைதான், வேற எவனோ உங்க பேர்ல உக்காந்திருக்கலைன்னு சொல்றதுக்கு சர்ட்டிபிகேட்.

அத்தை: நம்ம கடைதான்னு நாம சொன்னா போதாதா?

வெப்சைட்காரர்: போதாது. இன்னொருத்தர் சொல்லணும்.

மருமகள்: நேத்து ஒருத்தர் போன் பண்றார் தம்பி. "உங்க சைட்டைத் திறந்தா பாதுகாப்பானதல்லன்னு வருதே, இதுல படுத்தா முதுகு போயிடுமா"ன்னு.

அத்தை: எந்த மெத்தைன்னு கேட்டியா? அந்த ஸ்பிரிங் மெத்தைன்னா போகத்தான் செய்யும்.

மருமகள்: அத்தை, கொஞ்சம் சும்மா இருங்களேன்... காசு குடுத்து வாங்கறதுல என்னென்ன இருக்கு?

வெப்சைட்காரர்: நீங்க இதுவரைக்கும் வச்சிருந்தது சாதாரணம், வருஷா வருஷம் புதுப்பிக்கணும். சைட் யார் பேர்லயோ, அவங்களுக்கு ஒரு மெயில் போகும். ஒப்புக்கறேன்னு அவங்க சொல்லணும், அவ்வளவுதான். அதுக்கு மேல ஒண்ணு இருக்கு. கடையோட பேப்பரெல்லாம் கேப்பாங்க, போன் பண்ணி விசாரிப்பாங்க.

மருமகள்: போன் யாருக்கு?

வெப்சைட்காரர்: கடை நம்பருக்கு.

மருமகள்: அப்ப அது வேணாம்.

வெப்சைட்காரர்: ஏன்க்கா?

மருமகள்: கடை போனை நான்தானே எடுப்பேன்.

வெப்சைட்காரர்: ஆமா... அது நல்லதுதானே?

மருமகள்: வேணாம். அந்த இலவசத்துல மெயில் யாருக்குப் போகும்?

வெப்சைட்காரர்: யாருக்கும் போகாது. தானா கேட்டு தானா வாங்கிக்கும். நீங்க திரும்பிக்கூடப் பார்க்க வேணாம்.

மருமகள்: யாரையும் கேக்கவே கேக்காதா?

வெப்சைட்காரர்: கேக்காது.

மருமகள்: அப்ப அதுவும் வேணாம்.

வெப்சைட்காரர்: எனக்குத் தலை சுத்துதுக்கா. எதெல்லாம் சுலபமோ அதையெல்லாம் வேணாங்கறீங்க.

மருமகள்: பழையதையே போடுங்க தம்பி.

வெப்சைட்காரர்: அதுதானே அந்தரத்துல தொங்குது? திரும்பத் திரும்ப மெயில் அனுப்பியாச்சு. ஒப்புக்க ஆளில்ல. அது யாரோட மெயில்?

மருமகள்: வீட்டுக்காரரோடது. சைட் பேரை வாங்கினது அவர்தான்.

வெப்சைட்காரர்: சரியாப் போச்சு. அவருக்கு ஒரு போனைப் போட்டு...

மருமகள்: அவர் இங்க இல்ல.

வெப்சைட்காரர்: இல்லன்னா என்ன, எங்க இருந்தாலும்...

அத்தை: தம்பி, தண்ணி குடிக்கிறியா?

வெப்சைட்காரர்: ...வேணாம் பெரியம்மா. இல்ல, ஒண்ணுதான் புரியல. போன வருஷம் யாரு ஒப்புக்கிட்டது?

மருமகள்: அவர்தான். அதுக்கு முந்தின வருஷமும். மெயில் போன அன்னிக்கே பண்ணிட்டார்.

வெப்சைட்காரர்: எங்கேர்ந்து?

மருமகள்: தெரியாது... எங்கேர்ந்தோ.

வெப்சைட்காரர்: ஓ.

மருமகள்: விலை கூடினதா வாங்கினா மெயிலும் கொஞ்சம் பெரிசா வருமா தம்பி? சட்டுனு கண்ணுல படற மாதிரி?

வெப்சைட்காரர்: விலைக்குத் தகுந்த மாதிரியெல்லாம் மெயில் வராதுக்கா... சார்ஜரை வண்டில வச்சிட்டு வந்துட்டேன். எடுத்துட்டு வர்றேன். ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்க.

அத்தை: இலவசத்தையே போடச் சொல்லு.

மருமகள்: உங்களுக்குப் புரியல அத்தை. அதைப் போட்டா அப்புறம் அவரைக் கேக்கவே மாட்டாங்க.

அத்தை: கேக்காட்டி என்ன இப்ப?

மருமகள்: என்னவா? உசுரோட இருக்கார்னு எனக்குத் தெரியறதே வருஷத்துல அந்த ஒரு நாள்தான். இந்தக் கடை இன்னும் நம்மளோடதுதான்னு அவர் ஒத்துக்கற மாதிரி... உங்க பிள்ளைதானே, உங்களுக்குத் தோணலையா?

அத்தை: வியாபாரம் படுத்துடும்மா.

மருமகள்: படுக்கட்டும். இன்னும் ரெண்டு நாள் பார்க்கலாம். ஒருவேளை உடம்பு சரியில்லையோ என்னவோ... இல்ல, இவ சகவாசமே வேணாம்னு தலைமுழுகிட்டாரா?

அத்தை: அப்படியெல்லாம் நினைக்காத.

மருமகள்: பின்ன ஏன் பண்ணல?

அத்தை: அந்தத் தம்பி வந்துட்டானா பாரு.

மருமகள்: அத்தை, உங்களுக்கு ஏதாவது தெரியுமா?

அத்தை: முன்னெல்லாம் அந்த மெயில்ல நீலமா ஒரு கட்டம் வரும், தொட்டா போதும். இந்தத் தடவை நீளமா ஏதோ இங்கிலீஷ் எழுத்தைப் பார்த்து அடிக்கச் சொல்லுதும்மா. அவன் விட்டுட்டுப் போன போன்ல நானும் அடிச்சு அடிச்சுப் பார்க்கறேன்... தப்பு தப்புன்னே வருது.