குளவிக்கூட்டுக்கு ஒரு குடை

அங்க வேணாம் தம்பி. அந்த எடத்துல நின்னு சிகரெட் பத்த வைக்காதீங்க. கோவிச்சுக்காதீங்க, உள்ளுக்கு வந்துருங்க. நான் சிகரெட்டுக்கு எதிரி இல்ல, எனக்கும் ஒரு காலத்துல அந்தப் பழக்கம் இருந்துச்சு. பொகை மேல போகக்கூடாது, அவ்வளவுதான். காத்து கீழருந்து மேலுக்கு அடிக்குது பாருங்க. அப்பறம் இன்னொன்னு, பைக்க என் ஆட்டோவுக்கு முன்னால போட்டுட்டீங்க. கொஞ்சம் தள்ளிப் போடுங்களேன். ஆமா, அவசரமா எடுக்க வேண்டி வந்தாலும் வரும். அதான் மூஞ்சிய ரோட்டுப் பக்கம் திருப்பியே வச்சிருக்கேன்.

ஆ, இப்ப வாங்க. அத்தர் போட்டிருக்கீங்களா? ஜும்மா முடிச்சு நேரா வாறீங்களோ? இல்ல இல்ல, நல்ல வாசம். எனக்குப் புடிக்கும். மேல இருக்கறவங்களுக்குத்தான் புடிக்காது. ஐயோ, படச்சவன சொல்லல தம்பி! குளவிய சொன்னேன். சிரிங்க, சிரிங்க. நானும் சிரிக்கத்தான் பாக்குறேன், அந்தக் கூடு வந்த நாள்லருந்து முடியல.

இன்சூரன்ஸ் கம்பெனித் தம்பி, மிப்ரான்னு தானே சொன்னீங்க? நான் வீரசிங்கம். மக போன்ல எல்லாம் சொல்லியிருப்பாளே. விதுர்ஷா. கொழும்புல கம்பெனி ஒன்னுல கணக்கு பாக்குறா. அவதான் ஒரே புடியா நிக்கிறா. அப்பா, வீட்டுக்கு ஒரு இன்சூரன்ஸ் இருக்கு, ஆட்டோவுக்கு ஒன்னு இருக்கு, இதுக்கெல்லாம் மேல ஒன்னு போட்டுருங்க, எவனாவது பெருசா வழக்குப் போட்டா வீடும் காணியும் போயிரும்னு சொல்றா. படிச்ச புள்ள, சொன்னா சரியாத்தான் இருக்கும். நீங்க இன்னொருக்கா சொல்லுங்க, எனக்கு வெளங்குற மாதிரி.

ம். சரி. அதாவது என் ஆட்டோ யாரையாவது இடிச்சுட்டா ஆட்டோ இன்சூரன்ஸ் ஒரு அளவு வரைக்கும் குடுக்கும். கோர்ட்டுல அதுக்கு மேல குடுன்னு தீர்ப்பு வந்தா, மிச்சத்துக்கு என் வீட்ட வித்துத்தான் குடுக்கணும். அந்த மிச்சத்த இது பாத்துக்கும். எல்லா இன்சூரன்சுக்கும் மேல விரிச்சுப் புடிச்ச கொடை. நல்ல பேருதான் வச்சிருக்காங்க. ஆனா நம்ம நமுனுகுல மலைக் காத்துக்கு எந்தக் கொடை தம்பி நின்னுருக்கு? திருப்பி மடக்கிப் போட்டுட்டுல்ல போகும். சரி சரி, பகிடிக்குச் சொன்னேன். தேத்தண்ணி குடிங்க. சீனி காணுமா, இன்னும் போடவா?

அந்தப் படமா? சம்சாரந்தான். சரஸ்வதி. அவங்களா, மலையிலதான் இருக்காங்க. வேணாம், கையெழுத்துக்கு அவங்க தேவப்படாது, காணி உறுதி என் ஒருத்தன் பேருலதான் இருக்கு. அத விடுங்க, பொறகு சொல்றேன்.

உறுதின்னு இப்ப சொல்றேனே, அந்த வார்த்தையே எங்க வீட்டுல யாரும் பேசினதில்ல. எங்கப்பா தோட்டம் குடுத்த லயத்து அறையில பொறந்து லயத்துல செத்தவரு. நானும் லயந்தான். மகள தங்கச்சி வீட்டுல விட்டுட்டு, கொழும்புல சாப்பாட்டுக் கடையில நின்னு, பாத்திரம் கழுவி, பொறகு கல்லாவுல ஒக்காந்து, அப்பிடி இப்பிடின்னு இந்தத் துண்டுக் காணிய வாங்கினேன். தேயில வச்சேன். வீட்டக் கட்டினேன். எங்க வம்சத்துல எவன் பேருலயும் ஒரு சாண் மண்ணு இருந்ததில்ல தம்பி. சொன்னா நம்ப மாட்டீங்க, காணி வாங்குற வரைக்கும் எனக்கு இந்த மாதிரி பயம் கெடையாது. லயத்துக் கூர பிச்சிக்கிட்டுப் போனா அது தோட்டத்துக்காரன் பாடு. இப்ப ஒரு கொப்பு முறிஞ்சு விழுந்தாலும் அது என் கொப்பு. எவன் தலையிலயாவது விழுந்தா அது என் குத்தம். ராத்திரி காத்தடிச்சா நான் எந்திரிச்சு ஒக்காந்துக்குவேன்.

வாங்க, ஜன்னல் வழியா காட்டுறேன். தொறக்காதீங்க, கண்ணாடியிலயே தெரியும். காணி முடியுற எடத்துல ஒரு டர்பன்டைன் மரம் நிக்குதா? நடுக்கொப்புல பாருங்க. கரும் சாக்கு ஒன்ன தொங்கப் போட்ட மாதிரி. சாக்கு இல்ல தம்பி. ஆமா, அதேதான், பெரிய மலைத்தேனீ, எங்க பக்கம் அதையும் குளவின்னுதான் சொல்லுவோம். அசையுது பாருங்க. காத்துக்கு அசையல, அதுவா அசையுது. நெளியுது.

மரம் என் காணிக்குள்ளதான் நிக்குது. அளந்து பாத்தேன், வேலிக்கு அங்கிட்டு போயிராதான்னு. போகல.

கூட்ட அழிக்கிற ஆளுக்குச் சொல்லி விட்டாச்சு. மழ விடட்டும்ங்கறான், ஈரக் கொப்புல ஏற முடியாதாம். பாதி செத்து பாதி தப்பிச்சா அதவிட மோசமாம். சரி, நீ சொல்ற நாளுக்கே வான்னுட்டேன். ஆனா அது வரைக்கும்? அந்தா, மரத்துக்கும் மேல, வானத்துல பாருங்க. தெரியுதா? பருந்து. காலையிலருந்து அந்த ஒரு எடத்தையேதான் சுத்துது. என் கழுத்து வலிச்சுப் போச்சு பாத்துப் பாத்து. அதுக்குத் தேன் அட மேல ஆச. ஒரு நேரம் பாத்து எறங்கும், கூட்டக் கொத்தும், பறந்து போயிரும். குளவியால பருந்த புடிக்க முடியாது. கீழ யாரு இருக்காங்களோ அவங்களத்தான் புடிக்கும்.

கீழ யாரா? பொம்பளைங்க தம்பி. தேயிலக் கொழுந்து எடுக்குறவங்க. பக்கத்து லயத்துலருந்து வருவாங்க, எடுக்குற கிலோவுக்குக் காசு. வேணாம், இந்தக் கெழம வராதீங்கன்னு நான் சொன்னேன். கேட்டாத்தானே. நீங்க வேல தரலன்னா அடுப்பு எரியுமா மாமான்னு ஒருத்தி கேட்டா. அதுக்கு நான் என்னா சொல்றது? மரத்துப் பக்கம் போகாதீங்க, கீழ் நெரையில மட்டும் எடுங்கன்னு சொல்லி அனுப்பினேன். கீழ் நெரைன்னா எவ்வளவு தூரம்? குளவிக்கு அது ஒரு மூச்சு.

அதுல கலாராணின்னு ஒரு புள்ள. இப்பத்தான் கல்யாணம் முடிச்சு இந்தப் பக்கம் வந்துச்சு. வாய்னா அப்பிடி ஒரு வாய். நேத்து சொல்லுது, ஏன் மாமா பயப்புடுறீங்க, ஒங்கள கொட்டினா குளவிதான் வயித்து வலி வந்து சாகும்னு. எல்லாரும் சிரிக்கிறாளுக. நானும் சிரிச்சேன். அவ மழையோ வெயிலோ தலை நெறைய மல்லிகப்பூ வச்சுத்தான் மலைக்கு வருவா. லயத்து வாசல்ல மாமியா வளத்த கொடியாம். தலையில சாக்குப் படங்க போட்டு மூடினாலும் வாசம் முன்னால வரும், ஆளு பின்னால வருவா.

ஆமா, ஆமா, குளவிக்கு வாசம் ஆகாது. எடுத்துரு புள்ளன்னு சொல்லலாந்தான். வாய் வரைக்கும் வந்துருக்கு. சொன்னதில்ல. அத இப்ப கேக்காதீங்க.

நான் கேக்குறதுக்கு நீங்க பதில் சொல்லுங்க. இந்தப் பொம்பளைங்களுக்கு என் காணியில ஏதாச்சும் ஆயிருச்சுன்னா உங்க கொடை தாங்குமா? வேலையாளுக்குத் தனிப் பத்திரமா? அதையும் போட்டு இதுக்குக் கீழ கொண்டு வந்துரலாமா? சரி, நல்லது. போட்டுருங்க. அப்ப அவங்க குடும்பத்துக்கு உடனே காசு போயிருமா? ஓ. உடனே இல்ல. கேட்டவுடனே குடுக்க மாட்டீங்க. வழக்குப் போடட்டும், பாப்போம். ம்.

வழக்கு வந்தா நான் கோர்ட்டுக்குப் போகணுமே? போக வேணாமா? உங்க லோயரே வந்துருவாரா? என் சார்புல அவரே பேசுவாரா, செலவும் கம்பெனிதானா? நான் படியே ஏற வேணாமா?

இல்ல, நல்ல விசயந்தான். சந்தோசந்தான். மொகத்துல ஒன்னும் இல்ல தம்பி. கோப்பைய அங்கிட்டு வைங்க.

அந்த லோயர் வந்து என்னா கேப்பாரு?

சும்மா தெரிஞ்சுக்கத்தான். இல்ல, நீங்க உங்க வேலையத்தான் செய்றீங்க, எனக்கு வெளங்குது. என் வீட்டக் காப்பாத்தணும். அதுக்கு என் மேல குத்தம் இல்லன்னு காட்டணும். என் மேல இல்லன்னா வேற யாரு மேலயாவது இருக்கணுமே. குளவி மேல வழக்குப் போட முடியாது, பருந்த கூண்டுல ஏத்த முடியாது. அப்ப மிச்சம் யாரு தம்பி இருக்கா?

அப்பிடி ஒரு லோயர நான் பாத்துருக்கேன். பதுளையில, கோர்ட்டுல. அப்ப நான் தோட்டத்துலதான் வேல. எந்தத் தோட்டம்னு வேணாம், பேருல என்னா இருக்கு. யூனியன்காரங்க சேந்து வழக்குப் போட்டாங்க. தோட்டத்துலருந்து ஒரு ஆள் வரல. இன்சூரன்ஸ் அனுப்பின லோயர்தான் வந்தாரு. நல்ல மனுசன், கொற சொல்ல மாட்டேன். தண்ணி குடிக்கிறீங்களான்னு கேட்டாரு. குடிச்சேன். அப்பறம் மெதுவாக் கேட்டாரு, வீரசிங்கம், அன்னைக்கி வேலைக்குப் போறப்ப உங்க மனைவி தலையில பூ வச்சிருந்தாங்களா?

வெள்ளிக்கெழம தம்பி. கோயிலுக்குப் போயிட்டு அப்பிடியே மலைக்குப் போனா. நான் ஆமாங்கய்யான்னு சொன்னேன். பூ வாசம் குளவிய கெளப்பும்னு கொழுந்தெடுக்குற பொம்பளைக்குத் தெரியாதான்னு கேட்டாரு. அவ்வளவுதான், அவரு ஒக்காந்துட்டாரு. எல்லாம் முடிஞ்சிருச்சு. குளவி கொட்டி, கண்ணு எங்க இருக்குன்னே தெரியாம மொகம் வீங்கிக் கெடந்தவ, கடைசியில குத்தவாளி அவதான்.

ஆமா தம்பி. அவதான். மலையிலதான் இருக்கான்னு சொன்னேனே, பொய் சொல்லல, தோட்டத்து மயானம் மலை உச்சியிலதான் இருக்கு. மாலை இல்லாத படத்த பாத்து ஆளு உசுரோட இருக்குன்னு நெனச்சுட்டீங்க. எல்லாரும் அப்பிடித்தான் நெனப்பாங்க. மக வர்றப்ப எல்லாம் சண்ட புடிப்பா. கோர்ட்டுலருந்து வந்த நாள்லருந்து அந்தப் படத்துக்கு நான் பூ போடுறதில்ல.

இப்ப வெளங்குதா, கலாராணிகிட்ட ஏன் சொல்லலன்னு? பூவ எடு புள்ளன்னு நான் சொன்னா, அந்த லோயர் சொன்னது சரின்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி. சொல்லாம விட்டா, அந்தா சுத்துது பாருங்க. ரெண்டு பக்கமும் பயந்தான்.

பத்திரத்த எடுங்க. வீடு போனா நான் எங்க போவேன், போட்டுத்தான் ஆகணும். பேனாவக் குடுங்க. எந்த எடத்துல?

இருங்க. சத்தம் கேக்குதா?

இல்ல, அது இல்ல. பயப்புடாதீங்க. பொம்பளைங்க சத்தம். கொழுந்து நிறுக்க எறங்குறாங்க. அப்பாடி. எல்லாரும் வாறாளுகளா? ஆமா, எல்லாரும்தான். பருந்து இன்னும் மேலதான் நிக்குது. சரி, இன்னைக்கி போச்சு, நாளைக்கி வரும்.

தம்பி, இப்பிடி ஜன்னல்கிட்ட வாங்க. முன்னால சாக்கோட வாறாளே, அவதான் கலாராணி. நல்லாப் பாருங்க. தலையில பூ இருக்கா?

இல்லன்னு சொல்லுங்க தம்பி. பூ தெரியுது, உங்களுக்கும் தெரியுது, எனக்கும் தெரியுது. நாளைக்கி ஏதாச்சும் ஆகி உங்க லோயர் கேக்குறப்ப என்னா சொல்லுவீங்களோ, அத இப்ப எனக்கு ஒருக்கா சொல்லிக் காட்டுங்க. சொல்லிட்டீங்கன்னா இந்தா, பேனா கையிலதான் இருக்கு, இந்த எடத்துலயே கையெழுத்து வச்சுர்றேன்.