வளரக்கூடாத தட்டு

— பொய்யில்ல அண்ணி, தப்பு. அண்ணனோட கட்டுரையை வாபஸ் வாங்கித்தான் ஆகணும். அவன் சார்பா நீங்க சரின்னு சொல்லுங்க.

— ஆமாமா, சொல்றேன். பிள்ளை பொறந்தப்பகூட ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிப் பார்க்காம இந்த லேப்லயே கிடந்தாரே உங்கண்ணன், அது இந்தத் தப்புக்காகத்தானா? மனுஷனும் போயாச்சு, அவரு கண்டுபிடிச்சதும் போயாச்சா?

— கோபப்படாம கேளுங்க. ஈஸ்ட்ல ஒரு ஜீனை நகல் எடுக்கணும்னா நிறையப் புரதங்கள் கூட்டாச் சேர்ந்து அதை எழுப்பணும். அந்தக் கூட்டுல முக்கியமான ஒண்ணை அண்ணன் எடுத்துட்டான். அப்புறம் ஜீன் எழுந்திருக்கவே கூடாது. அது எழுந்திருக்காட்டி, வளர்க்கிற தட்டுல இருக்கிற சர்க்கரையைத் தின்ன முடியாம ஈஸ்ட் பட்டினி கிடக்கணும்.

— ஆனா வளர்ந்துச்சு. எனக்கே தெரியுமே! ‘கூட்டு இல்லாமலே எழுந்திருச்சு பாரு’ன்னு சின்னப்பிள்ளை மாதிரி குதிச்சாரு.

— வளர்ந்தது அந்த ஈஸ்டே இல்ல அண்ணி. வேற ஈஸ்ட் உள்ள புகுந்திருக்கு. மைக்ராஸ்கோப்புல பார்த்தப்பவே தெரிஞ்சுடுச்சு. அது எந்த ஜாதின்னு பார்க்க டிஎன்ஏவை எடுத்து வெளிய அனுப்பியிருந்தேன், நேத்துதான் முடிவு வந்துச்சு.

— எங்கிருந்து புகுந்துச்சு?

— அது மனுஷத் தோல்ல வாழற ஜாதி. அண்ணன் கையுறை போட்டு என்னைக்காவது பார்த்திருக்கீங்களா?

— கை வேர்க்குதும்பாரு. ஆனா நீங்க அத்தனை பேரு இருக்கீங்க. அவரு கைதான்னு எப்படிச் சொல்ற?

— அந்த ஈஸ்டை வச்சிருந்த ட்யூப்பை வேற யாரையும் தொட விடமாட்டானே. என்னைக்கூட.

— இரு, இரு. அப்போ அதுல வளர்ந்தது… அவரு மேல இருந்தது?

— ஆமா.

— அவரு போன பிறகும் வளர்ந்துச்சு?

— ஆமா அண்ணி.

— வீட்டுல எல்லாத்தையும் துவைச்சுப் போட்டுட்டாங்கடி. தலையணை உறையில ஆரம்பிச்சு அத்தனையும். அலமாரிக்குள்ள தலையை விட்டு மோந்து மோந்து பார்க்கிறேன், வெறும் சோப்பு வாசனைதான் வருது. பைத்தியம்னு நினைச்சாலும் பரவாயில்ல. கட்டுரையை என்ன வேணா பண்ணிக்கோ. அந்தத் தட்டை ஒரே ஒரு தடவை காட்டு.

— அண்ணி…

— தொடமாட்டேன். தூர நின்னு பார்த்துட்டுப் போயிடறேன்.

— வேத்து ஈஸ்ட் கலந்திருக்குன்னு தெரிஞ்ச உடனே கொன்னுடணும், இல்லைன்னா லேப் முழுக்கப் பரவிடும். தட்டு, ட்யூப்பு, ஒண்ணு விடாம போன வாரமே நானே வேகவச்சுட்டேன். அது யாருதுன்னு எனக்கு நேத்துதான் தெரியும்.