மழை படாத மூத்தாள்

உங்கள் ஸ்டேஷன் நாற்காலிக்கு ஒரு கால் குட்டை, சார். அட்டையை மடித்து அடியில் கொடுத்தால் ஆடாது. எனக்கு எந்தப் பொருளும் ஒழுங்காக இருக்க வேண்டும்.

மூன்று பேரிடம் பொய் சொன்னேன். ஒப்புக்கொள்கிறேன்.

எல்லாம் என் கூபேயால் வந்தது. பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் வண்டி, இரண்டே கதவு, கரும்பச்சை. நான் பிறப்பதற்கு முன்பே ஓடத் தொடங்கியது. கல்யாணத்துக்கு மூன்று வருடம் முன்பு வாங்கினேன். அதனால் என் மனைவி அதற்கு மூத்தாள் என்று பேர் வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை நான் துணியும் பாலிஷுமாகக் கிளம்பினால், "போங்க போங்க, மூத்தாளுக்கு மூஞ்சி கழுவணும்ல," என்பாள்.

அவள் போய் ஏழு மாதம் ஆகிறது. மைத்துனன் வந்து பார்த்தான். "மாமா, அக்கா போட்டோவுல ஒரு விரல் தூசி. இந்த வண்டியில மூஞ்சி பாத்துத் தலை சீவலாம் போல இருக்கு. வித்துட்டு மனுஷனா இருங்க," என்றான். விளம்பரமும் அவனே கொடுத்தான். 'நன்கு பராமரித்தது. ஒரு நாளும் மழையில் எடுக்காதது.' இரண்டாவது வரி நான் சொல்லிச் சேர்த்தது.

எனக்கு விற்க மனமில்லை. அவனிடம் முகத்துக்கு நேரே மறுக்கவும் முடியவில்லை, நல்ல பையன். ஆகவே வருகிறவர்களைத் துரத்துவது என்று முடிவு செய்தேன்.

முதலில் வந்தவர் பல் டாக்டர். கதவைச் சுண்டிச் சுண்டிப் பார்த்தார். "எங்கயாவது சொத்தை இருக்கா?"

"துருவே இல்ல டாக்டர். என் மனைவி மட்டும் இந்த சீட்லதான் போய்ச் சேர்ந்தா."

உட்காரப் போனவர் பாதியிலேயே நிமிர்ந்தார். இடுப்பு பிடித்துக்கொண்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

அடுத்து ஓய்வுபெற்ற கப்பல் கேப்டன், மனைவியோடு. அவரிடம் கொஞ்சம் சேர்த்துச் சொன்னேன். பிரேக் பிடிக்கவில்லை, மரத்தில் மோதியது.

"மோதின மாதிரியே தெரியலையே," என்றார் கேப்டன்.

"பெயிண்டர் கெட்டிக்காரர்," என்றேன்.

அந்த அம்மாள் அவரைச் சட்டையோடு இழுத்துப் போனார். ஏழு மாதத்தில் அன்றுதான் சிரித்தேன். அதை மறைக்க விரும்பவில்லை.

மூன்றாவதாக வந்தவர்தான் உங்களிடம் புகார் கொடுத்தவர். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு முழுக்கதையையும் கேட்டார். அசையவில்லை.

"பிரேக்க யார் கழட்டினது?"

"நான்தான், டீச்சர்."

அந்தக் குரலில் கேட்டால் நீங்களும் சொல்வீர்கள்.

பிரேக்கை யாரும் தொடவில்லை. சோதித்துப் பாருங்கள். மரமும் இல்லை. என் மனைவி இறந்தது மூச்சுத்திணறலால், ஆஸ்பத்திரி வாசலில், வாடகைக் காரில். சான்றிதழ் இருக்கிறது. அந்தக் கார் வீட்டுக்கு வந்து சேர நாற்பது நிமிடம் ஆயிற்று. ஷெட்டில் வண்டி நின்றதே என்று மைத்துனன் அன்றைக்கே கேட்டான். பேட்டரி இறங்கிவிட்டது என்றேன். பார்க்கப் போனால் அதுதான் முதல் பொய். நான்கு பேர் என்று திருத்திக்கொள்ளுங்கள்.

வண்டி ஒரே திருகலில் கிளம்பும். ஆஸ்பத்திரிக்குப் பன்னிரண்டு நிமிடம். அவள் சுவரைப் பிடித்தபடி நின்றாள். "மூத்தாள எடுங்களேன்," என்றாள். அதைச் சொல்ல அவளுக்கு மூன்று மூச்சு வேண்டியிருந்தது.

வெளியே நல்ல மழை. கதவுக்குள் தண்ணீர் இறங்கினால் அவ்வளவுதான், சார். வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளிருந்தே அரித்துவிடும். கொஞ்சம் விடட்டும் என்றேன். இரண்டு பேருக்கும் ஒன்றும் ஆகக்கூடாது என்றுதான் பார்த்தேன்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். அதற்கு முன் ஓர் உதவி. உங்கள் ஆட்கள் வண்டியைத் திறந்தவெளியில் நிறுத்தியிருக்கிறார்கள். மேகம் கட்டுகிறது. யாரையாவது ஒரு தார்ப்பாய் போர்த்தச் சொல்லுங்கள்.