தரையோட இருந்த ஓட்டை

இல்லீங்க சார், கையெழுத்து கெடக்கட்டும். உங்க காலேஜு ரிப்போர்ட்டுல அந்த வரிய இன்னொருக்கா படிங்க. காற்று வெளியேறும் துவாரத்தை மாணவரே அடைத்தது அவரது கவனக்குறைவு. ம்ம். எம்மவன் ஷுக்கூரு கவனக்குறைவு! மெட்ராசுலேருந்து மொரப்பூருக்கு ரயிலேறி, அங்கேருந்து பஸ்ஸு புடிச்சு தருமபுரி வந்தது இந்த ஒரு வரிக்குத்தானா?

கோவிச்சுக்காதீங்க. புள்ள போயி நாப்பதாம் நாளு பாத்தியாகூட இன்னும் ஓதல. வாயில என்னா வருதுன்னு எனக்கே தெரியல. டீ ஆறுது பாருங்க, குடிங்க.

நான் மெத்த தெக்கிறவன். நம்ம வூட்டுல மொதமொதல்ல காலேஜுக்குப் போனவன் அவன்தான். காலேஜு முடிச்சும் ஆராய்ச்சின்னு உக்காந்துட்டான். என்னாதான்டா படிக்கிறேன்னு கேட்டேன். ரெண்டு காத்து ஒண்ணா கலந்து கெடக்குமாம். வெங்காயத் தோலாட்டம் ஒரு பிளாஸ்டிக் தாளு, ஒண்ண உள்ள வுட்டு இன்னொண்ண நிறுத்திப்புடுமாம். குளுர வெச்சா இன்னும் சுத்தமா பிரிக்குமாம். அடப் போடா, துணி நெருக்கமா இருந்தா பஞ்சு வெளிய வராது, அதான வித்தைன்னேன். வுழுந்து வுழுந்து சிரிச்சான். அத்தா, உங்களுக்குத்தான் டாக்டர் பட்டம் குடுக்கணும்னான்.

போன மாசம், மார்கழில, பாக்கப் போனேன். அவன் ஆராய்ச்சி பண்ற ரூமு சில்லுனு கெடக்குது. நைட்ரஜனாம், தண்ணியாட்டம் ஊத்துறான், குபுகுபுன்னு பொகையுது. வெஷமாடான்னேன். இல்லத்தா, நாம இழுக்கற மூச்சுல முக்காவாசி இதான்னான். அப்பறம் எனக்கென்னா பயம்? மிச்சம் காவாசிலதான் உசுரு இருக்குன்னு எனக்கு யாரு சொன்னா?

எனக்குக் கவலயெல்லாம் அவன் நெஞ்சுதாங்க. சின்னப் புள்ளயில இழுப்பு வந்து ராவெல்லாம் தோள்ல போட்டுக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன். அந்தக் குளுருல காலையிலேருந்து நிக்கறான், லொக்கு லொக்குன்னு இருமறான். பெத்தவனுக்கு மனசு கேக்குமா?

ஆமாங்க, நீங்க சொல்றது சரிதான். அந்தக் குளுந்த நைட்ரஜன் தரையோட வெளிய போவ வழியில்லாம ரூமுல நெறஞ்சிருக்கு. வாசனயும் கெடயாது, கண்ணுலயும் படாது. நின்னமேனிக்கு சாஞ்சிருக்கான். ஓட்டைய அடைச்சதனாலதான். அத நான் இல்லேங்கலீங்க.

ஆனா அதுல சொருகியிருந்த திண்டு உங்ககிட்ட இருக்குதுல்ல? தையலப் பாருங்க. மூலையில நூல மடிச்சு முடிச்சுப் போட்டிருக்கும். ஷுக்கூருக்கு சட்டப் பட்டன்கூட தெக்கத் தெரியாதுங்க.

நான் பாக்கப் போன அன்னிக்கு, சாப்பாடு வாங்கியாரேன்னு அவன் வெளிய போயிருந்தான். மேசைக்கு அடியில அந்த ஓட்ட வழியா வாடக்காத்து வருதேன்னு, பையிலிருந்த எலவம்பஞ்சத் திண்டா தெச்சு, இறுக்கமா நாந்தான் வெச்சேன். அவங்கிட்ட சொன்னா திட்டுவான்னு சொல்லல. சாயங்காலம் ரயிலேறிட்டேன். மறுநாள் தந்தி.

மெதுவா பேசுங்க. அவங்கம்மா ரோஷன் பீ உள்ளதான் இருக்கா, இன்னும் உங்க காலேஜத்தான் திட்டிக்கிட்டிருக்கா. எம்மவன் பேர அடிச்சுட்டு என் பேர, பக்ருதீன்னு எழுதுங்க. கையெழுத்துப் போடறேன்.